ஃபோன் வாங்குறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல போடாததையும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல 15 ஆயிரம் ரூபாய்க்குள்ள என்ன ஃபோன் வாங்கலாம்னு ஒரு பக்கம் வந்துச்சு. கேமரா எத்தனை எம்பி, பேட்டரி எத்தனை எம்ஏஹெச், ஸ்க்ரீன் எத்தனை இன்ச்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. நான் உசிலம்பட்டியில செல்ஃபோன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், ஃபோன் விக்கிறது கிடையாது, ரிப்பேர் மட்டும்தான், அதனால எந்த கம்பெனியையும் தூக்கிவிடணும்னு எனக்கு அவசியம் இல்ல. புதுசு வாங்குறவங்க என் கடைக்கு வரமாட்டாங்க, வாங்கி ஒன்றரை வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு ஃபோனை கையில பிடிச்சுக்கிட்டு மூஞ்சி வாடிப்போய் வர்றவங்களைத்தான் தினம் பாக்குறேன். அவங்களுக்கு வந்த பிரச்சனைல முக்கால்வாசி நீங்க போட்ட அந்த கட்டத்துல இல்லாத விஷயம். அதான் இந்த லெட்டர்.

முதல்ல அப்டேட் பத்தி சொல்லிடறேன், ஏன்னா இதை கேட்டு ஃபோன் வாங்குன ஆளை எங்க ஊர்ல நான் பாத்ததே இல்ல. ஒரு ஃபோன் எத்தனை வருஷம் உருப்படியா ஓடும்ங்கறத இப்பல்லாம் முடிவு பண்றது கம்பெனிக்காரன் எத்தனை வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் தருவாங்கறதுதான். கூகுள் 2023 அக்டோபர்ல பிக்சல் 8 விட்டப்போ 7 வருஷம் தர்றோம்னு சொன்னாங்க, 2024 ஜனவரில சாம்சங் எஸ்24க்கும் அதே 7 வருஷம் சொன்னாங்க. அது லட்ச ரூபா ஃபோனுக்குத்தானேன்னு நினைக்க வேணாம், அதே வருஷம் வந்த சாம்சங் ஏ16 5ஜி நடுத்தர விலை ஃபோன்தான், அதுக்கே 6 வருஷம்னு சொல்லியிருக்காங்க. ஆக கம்பெனி நினைச்சா குறைஞ்ச விலை ஃபோனுக்கும் தர முடியும். ஆனா அதே ரேட்ல பக்கத்துல அடுக்கி வச்சிருக்கிற வேற பல ஃபோனுக்கு ஆண்ட்ராய்டு அப்டேட் ரெண்டு தடவை, செக்யூரிட்டி பேட்ச்ங்கற, பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற சின்ன அப்டேட் மூணு வருஷம், அவ்ளோதான், சிலதுக்கு அதுவும் இல்ல. பாக்ஸ்ல இதை யாரும் போடுறது இல்ல, கடைப்பையன்கிட்ட கேட்டாலும் தெரியாது.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, அந்த வருஷக்கணக்கு பெரும்பாலும் மாடல் முதல்ல வெளிவந்த நாள்லருந்து ஓடுது, நீங்க பில் போட்ட நாள்லருந்து இல்ல. ஒரு காலேஜ் பொண்ணு பண்டிகை ஆஃபர்ல 5 ஆயிரம் தள்ளுபடின்னு ஒரு ஃபோன் வாங்கியிருந்துச்சு, பேங்க் ஆப் திறக்கும்போதெல்லாம் ஏதோ எச்சரிக்கை வருதுண்ணேன்னு கொண்டு வந்துச்சு. செட்டிங்ஸ்ல அபவுட் ஃபோன் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனை தொட்டா கீழ செக்யூரிட்டி பேட்ச்னு ஒரு தேதி காட்டும், அதை பாத்தா ஃபோன் வாங்குனதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை அப்டேட் வந்து அத்தோட நின்னுபோச்சு. மாடல் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆனதை காலி பண்ணத்தான் அந்த தள்ளுபடி. ஃபோன்ல ஒரு கீறல் இல்ல, ஸ்க்ரீன் பளபளன்னு இருக்கு, நான் கழட்டி மாட்ட அதுல எதுவுமே இல்ல. அந்த பொண்ணோட அம்மா பூ மார்க்கெட்ல பூ கட்டி சேத்த காசு அது, அவங்ககிட்ட என்னத்த சொல்றது. அதனால ஆஃபர்ல எது கண்ணுல பட்டாலும் அந்த மாடல் எந்த வருஷம் எந்த மாசம் வந்துச்சுன்னு நெட்ல ஒரு நிமிஷம் தேடிப் பாத்துட்டு வாங்குங்க.

அப்டேட் இல்லாட்டி என்ன, ஃபோன் பேச வருதுல்லன்னு நிறைய பேர் கேப்பாங்க. முன்னாடின்னா சரி. இப்ப ஜிபே, ஃபோன்பே, பேங்க் ஆப், ரேஷன், ஆதார், கேஸ் புக்கிங்னு எல்லாமே அந்த ஒரு டப்பாக்குள்ளதானே இருக்கு, அதுல ஓட்டை அடைக்க ஆள் இல்லன்னா காசு வச்சிருக்கிற பீரோவுக்கு பூட்டு இல்லாத மாதிரிதான். ஆப் கம்பெனிகளும் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொண்ணா கழட்டி விட்டுட்டே வருவாங்க, வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1லருந்து ஆண்ட்ராய்டு 4.4ல ஓடாதுன்னு நிறுத்தல? அது ரொம்ப பழசு, ஆனா வரிசை நகர்ந்துட்டே இருக்கும், இன்னைக்கு புதுசா இருக்கிறதும் ஒருநாள் அந்த இடத்துக்கு வரும்.

அடுத்தது டிஸ்ப்ளே. என் கடையில அழுதவங்க பெரும்பாலும் இந்த விஷயத்துலதான் அழுதாங்க. ஓரம் வளைஞ்ச ஸ்க்ரீன், கர்வ்டுன்னு சொல்றோம்ல, கையில வச்சா அழகாத்தான் இருக்கும், ஆனா கீழ விழுந்தா ஓரத்துலதான் முதல் அடி, அங்க கண்ணாடி மட்டும்தான் இருக்கு, தாங்க ஃப்ரேம் இல்ல. கண்ணாடி மட்டும் போச்சு உள்ள டிஸ்ப்ளே நல்லா இருக்குன்னாலும் எங்க மாதிரி சின்ன கடையில கண்ணாடியை தனியா பிரிச்சு ஒட்டறது ரிஸ்க், காம்போவாத்தான், அதாவது கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் சேந்த செட்டாத்தான் மாத்தணும், தானா ஒளி விடற அமோலெட் டிஸ்ப்ளேல ஒரிஜினல் காம்போ போட்டா ஃபோன் விலைல பாதி கேக்கும் சில மாடலுக்கு. சரி டூப்ளிகேட் போடுன்னு சொல்வாங்க. டூப்ளிகேட்னா அமோலெட்டுக்கு பதிலா எல்சிடி, கலர் மங்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதைவிட முக்கியம் ஸ்க்ரீனுக்கு அடியில இருக்கிற கைரேகை வேலை செய்யாது, ஏன்னா அந்த சென்சார் அமோலெட் வழியாத்தான் வெளிச்சத்தை அனுப்பி ரேகையை பாக்குது, எல்சிடி பின்னாடி லைட்டு ஷீட் இருக்கிறதால அது மறைச்சிடும். இதை முன்கூட்டியே சொல்லித்தான் மாட்டுவேன், அப்பவும் மாட்டுனப்புறம் விரலை வச்சு வச்சு பாத்துட்டு எங்கிட்ட கோவப்படுவாங்க, அவங்க வருத்தம் எனக்கு புரியாம இல்ல.

இந்த வளைஞ்ச ஸ்க்ரீனுக்கு சாதா டெம்பர் கண்ணாடி ஒட்டாது, அதனால யூவி டெம்பர்னு பசையை ஊத்தி லைட் காட்டி ஒட்டறாங்க. அந்த பசை காயறதுக்குள்ள ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ள, பவர் பட்டன் சந்துக்குள்ள இறங்கிடும். ஸ்க்ரீனை காப்பாத்தணும்னு ஒட்டப்போய் பட்டன் அமுங்காம, பேசறது கேக்காம வந்து நிப்பாங்க. கழட்டி ஐபிஏங்கற ஆல்கஹால் திரவம் போட்டு துடைச்சு எடுக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு மணி நேரம் போயிடும், சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போனா பசை இறங்கியிருக்கு வாரன்ட்டி இல்லன்னு சொல்லிடறாங்க. தட்டையான ஸ்க்ரீன் இருக்கிற ஃபோனா வாங்குங்கன்னு என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு சொன்னதையே இங்கயும் சொல்றேன்.

சர்வீஸ் சென்டர்னு சொன்னேன், அது எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் ஃபோன் வாங்கணும். சென்னையில இருக்கிறவங்களுக்கு இது தெரியாது, ரிட்சி ஸ்ட்ரீட் போனா எந்த பார்ட்ஸும் கிடைக்கும். எங்க பக்கத்து ஆளுங்க மதுரைக்கு பஸ் ஏறணும், போனா டோக்கன், பார்ட்ஸ் வரணும்னு சொல்லி ஃபோனை வாங்கி வச்சுக்குவாங்க, அது வர வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலையணும், ஒருநாள் கூலியை விட்டுட்டு. எந்த கம்பெனியா இருந்தாலும் அவங்க வெப்சைட்ல சர்வீஸ் சென்டர் லிஸ்ட் இருக்கும், சிலபேர் ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் போட்டிருக்காங்க, டிஸ்ப்ளே எவ்ளோ பேட்டரி எவ்ளோன்னு. வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் பாத்துட்டா பாதி வயித்தெரிச்சல் மிச்சம். ஆன்லைன்ல மட்டும் விக்கிற சில பிராண்டுக்கு நம்ம மாவட்டத்துல ஒரு சென்டர்கூட இருக்காது, அப்ப எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் யோசிச்சுத்தான் கை வைக்கணும்.

தவணை கட்டலன்னா ஃபோனையே பூட்டுற இந்த இஎம்ஐ லாக் விஷயம் உங்க பேப்பர் கட்டாயம் எழுதணும்னு கேட்டுக்கிறேன். ஒரு லோடு ஆட்டோ அண்ணன், நல்ல உழைப்பாளி, ஃபோனை நீட்டி அண்ணே டிஸ்ப்ளே போச்சு பாருங்கன்னாரு. டிஸ்ப்ளே போகல. ஸ்க்ரீன் முழுக்க தவணை பாக்கி இருக்கு கட்டுங்கன்னு ஒரு நோட்டீஸ் நிக்குது, அதை தாண்டி உள்ள போக முடியல, எமர்ஜென்சி கால் மட்டும்தான் போகுது. அவருக்கு சவாரியே அந்த ஃபோன்லதான் வரும், ஃபோன் பூட்டுனா வருமானம் பூட்டுன மாதிரி, வருமானம் இல்லாம தவணையை எப்படி கட்டுவாரு? கடையில ஃபைனான்ஸ் போட்டு எடுக்கும்போது செட்டப் பண்ணி தர்றேன்னு சொல்லி அந்த லாக் ஆப்பை ஏத்தியே குடுத்துடறாங்க, ரீசெட் பண்ணாலும் திரும்ப வந்துடும். அக்ரிமென்ட்ல பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருந்திருக்கும், யார் படிச்சா. இதை எடுத்துவிடுங்கன்னு என்கிட்ட நிறைய பேர் கேக்குறாங்க, நான் அதை செய்யமாட்டேன், கடன் வாங்குனது வாங்குனதுதான். ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்த மாதிரி பூட்டு இருக்குன்னு தமிழ்ல வாய்விட்டு சொல்லணுமா வேணாமா? தவணையில எடுக்கிறவங்க தயவுசெஞ்சு இதை நேரா கேளுங்க, கட்டலன்னா ஃபோன் லாக் ஆகுமா, எத்தனை நாள்ல ஆகும், கடைசி தவணை கட்டுனதும் யார் எடுத்து விடுவாங்கன்னு. முடிச்சதும் பாக்கி இல்லன்னு தர்ற என்ஓசி லெட்டரை கேட்டு வாங்குங்க, ஆப் உண்மையிலயே போச்சான்னும் பாருங்க, பணம் முழுசா கட்டியும் ஆப் உள்ளயே உக்காந்திருந்த ஃபோனை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஜீரோ பெர்சென்ட் வட்டின்னு போர்டு போட்டிருக்கே அண்ணேன்னு கேப்பாங்க. ரிசர்வ் பேங்க் 2013 செப்டம்பர்லயே சர்க்குலர் போட்டு ஜீரோ வட்டிங்கற ஒண்ணே கிடையாது, கார்டு தவணையில வட்டியை ப்ராசஸிங் ஃபீஸுக்குள்ள ஒளிச்சு வாங்குறாங்கன்னு சொல்லியாச்சு. நோ காஸ்ட் இஎம்ஐன்னு இப்ப வர்றதுல வட்டித்தொகையை தள்ளுபடியா கழிச்ச மாதிரி காட்டுவாங்க, ஆனா கார்டுல போட்டா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா ஏறும், ப்ராசஸிங் ஃபீஸ் தனியா ஏறும், ரொக்கமா குடுத்தா கிடைச்சிருக்கிற தள்ளுபடியும் கிடைக்காது. வேண்டாம்னு சொல்லல, கையில மொத்தமா காசு இல்லாதவங்களுக்கு வேற என்ன வழி இருக்கு, ஆனா மொத்தம் எவ்ளோ கட்டப்போறோம்னு கூட்டிப் பாத்துட்டு எடுங்க.

ஸ்டோரேஜ் கதை அடுத்தது. 64 ஜிபி ஃபோன் இன்னும் விக்கிறாங்க, அதுல சிஸ்டமும் அவங்களே ஏத்தி அனுப்புற ஆப்பும் போக 40 சொச்சம் மிஞ்சினாலே பெரிசு. வாட்ஸ்அப்ல நாலு குடும்ப க்ரூப், ரெண்டு ஊர் க்ரூப், காலை வணக்கம் வீடியோ, பேரன் பேத்தி ஃபோட்டோ, ஒரு வருஷத்துல ரொம்பி போயிடும். ரொம்புனா ஃபோன் ஹேங் ஆகும், ஆப் அப்டேட் ஆகாது, பணம் அனுப்பும்போது சுத்திக்கிட்டே நிக்கும், அப்ப ஃபோன் போச்சுன்னு நினைச்சு கொண்டு வருவாங்க. மெமரி கார்டு போட்டுக்கலாம்னு இருந்தோம், இப்ப பல மாடல்ல அந்த ஸ்லாட்டையே எடுத்துட்டாங்க, இருந்தாலும் ஹைப்ரிட்னு ரெண்டாவது சிம் போட்டா கார்டு போட முடியாது. 128க்கு கீழ வாங்காதீங்க. ரேம்ல 4+4ன்னு பெருசா எழுதியிருப்பாங்க, அதுல நிஜம் 4 மட்டும்தான், மீதி 4 ஸ்டோரேஜ்லருந்து கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் மாதிரி ஓட்டறது, நிஜ ரேம் வேகம் அதுக்கு கிடையவே கிடையாது. அதேபோல ஸ்டோரேஜ்லயே இஎம்எம்சி, யூஎஃப்எஸ்னு ரெண்டு வகை இருக்கு, விலை கம்மி ஃபோன்ல இஎம்எம்சி போடுவாங்க, அது மெதுவு, யூஎஃப்எஸ் வேகம். ஸ்பெசிஃபிகேஷன்ல ஒரே ஒரு வரிதான் இருக்கும், ஆனா ஃபோன் ரெண்டு வருஷம் கழிச்சு தவழப்போகுதா நடக்கப்போகுதான்னு அந்த ஒரு வரில ஓரளவுக்கு தெரிஞ்சிடும்.

கேமரா பத்தி ரொம்ப சொல்லப்போறது இல்ல. பின்னாடி மூணு கண்ணு இருக்கும், அதுல ஒண்ணுதான் உண்மையா வேலை பாக்கும், மத்தது 2 எம்பி மேக்ரோ, 2 எம்பி டெப்த்னு ஒப்புக்கு வச்சது. 50 எம்பின்னு போட்டிருந்தாலும் நாலு பிக்சலை ஒண்ணா சேத்து 12 எம்பி சொச்சம் ஃபோட்டோதான் சாதாரணமா எடுக்கும், அது தப்பு இல்ல, ஆனா நம்பரை பாத்து மயங்க வேணாம். கடையில நிக்கும்போதே லைட்டு கம்மியா இருக்கிற மூலையில, ஆடுற குழந்தையை ஒரு படம் எடுத்து பாருங்க, அதுவே போதும்.

பேட்டரி விஷயத்துல நம்ம ஊர் வெயிலையும் சேத்து பாக்கணும். லித்தியம் பேட்டரிக்கு எமன் சூடுதான். சார்ஜ்ல போட்டுக்கிட்டே பசங்க கேம் விளையாடுவாங்க, பைக்ல மொபைல் ஹோல்டர்ல மாட்டி உச்சி வெயில்ல மேப் போட்டுக்கிட்டு போவாங்க, அப்படி ஓடுன ஃபோனை ரெண்டு வருஷத்துல திறந்தா பேட்டரி வீங்கி பேக் கேஸை தூக்கிக்கிட்டு நிக்கும், ஓரத்துல நகத்தை விட்டா உள்ள போற அளவுக்கு இடைவெளி தெரியும். அப்படி தெரிஞ்சா அமுக்கிப் பாக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, உடனே கொண்டு போங்க. முன்னாடி நோக்கியா ஃபோன்ல பேட்டரியை நாமளே கழட்டி மாட்டுவோம், இப்ப பசை போட்டு மூடிட்டதால கழட்ட ஆள் வேணும், காசு வேணும், ஒருதடவை திறந்துட்டா அந்த தண்ணி புகாத சீலும் பழையபடி இருக்காது. இதுல ஐரோப்பாக்காரங்களை பாத்து எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கு. அங்க 2025 ஜூன் 20லருந்து விக்கிற ஃபோனுக்கு சட்டப்படி பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறி இறங்குனப்புறமும் 80 சதவீதம் தாங்கணும், முக்கியமான ஸ்பேர் பார்ட்ஸ் அந்த மாடல் விக்கிறதை நிறுத்துனப்புறமும் 7 வருஷம் கிடைக்கணும், விக்கிறதை நிறுத்துன நாள்லருந்து 5 வருஷமாவது சாஃப்ட்வேர் அப்டேட் வரணும். பாக்ஸ்லயே ஃப்ரிட்ஜுக்கு ஒட்டுற மாதிரி ஒரு லேபிள், அதுல பேட்டரி எத்தனை சைக்கிள் தாங்கும், கீழ விழுந்தா எவ்ளோ தாங்கும், ரிப்பேர் பண்ண எவ்ளோ சுலபம்னு ஏ பி சி கிரேடு போட்டு இருக்கு. அதே கம்பெனிதான் இங்கயும் விக்குது, அங்க எழுதுறவன் இங்க எழுத என்ன கஷ்டம்?

தண்ணி புகாதுன்னு விளம்பரத்துல நீச்சல்குளத்துல போட்டு எடுக்கிறாங்க. தூசி, தண்ணி எவ்ளோ தாங்கும்னு சொல்ற குறி ஐபி, அதுல ஐபி67னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம், அதுவும் லேப்ல சுத்தமான தண்ணில, புது ஃபோனுக்கு. கெணத்துல குளிக்கும்போது வீடியோ எடுக்கிறதுக்கு அது உத்தரவாதம் கிடையாது. வாரன்ட்டி கார்டை படிச்சு பாருங்க, தண்ணி போய் கெட்டா வாரன்ட்டி இல்லன்னு பெரும்பாலான கம்பெனி அதுலயே எழுதி வச்சிருக்கு, உள்ள தண்ணி பட்டா கலர் மாறுற ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பாங்க. சார்ஜரும் இப்ப பல பாக்ஸ்ல இருக்கிறது இல்ல, அந்த கம்பெனி ஃபாஸ்ட் சார்ஜர் தனியா வாங்கணும்னா ஆயிரம் ரெண்டாயிரம் ஆகும், அதையும் ஃபோன் விலையோட கூட்டிக்கணும்.

விலை குறைஞ்ச ஃபோன்ல இன்னொரு தொல்லை விளம்பரம். பூட்டுன ஸ்க்ரீன்லயே சினிமா செய்தி, லோன் விளம்பரம், கேம் விளம்பரம்னு வந்துட்டே இருக்கும், நம்ம கேக்காமலே ஆப் இறங்கும். ஃபோன்ல விட்ட காசை அந்த வழியில எடுக்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க செட்டிங்ஸ்ல போய் ஒவ்வொண்ணா அணைச்சிடுவாங்க, வயசானவங்களால முடியுமா? எங்க அம்மா வயசுல இருக்கிற ஒரு ஆத்தா, துபாய்ல இருக்கிற மகன் முகத்தை பாக்கத்தான் ஃபோன் வாங்குனது, ஏதோ ஒரு விளம்பரத்தை தெரியாம தொட்டு தொட்டு ஃபோன் முழுக்க குப்பை ஆப், வீடியோ கால் பட்டன் எங்கன்னே தெரியல. பெத்தவங்களுக்கு வாங்கி குடுக்கிற பிள்ளைங்க முதல்நாளே அரைமணி நேரம் உக்காந்து அதெல்லாம் அணைச்சு, எழுத்தை பெருசாக்கி, ப்ளே ஸ்டோர் இல்லாம வெளியில இருந்து வந்து ஆப்பை ஏத்துற ஏபிகே ஃபைல் இறங்காத மாதிரி செட்டிங் வச்சு குடுங்க. கல்யாண பத்திரிகைன்னு, பிஎம் கிசான்னு வாட்ஸ்அப்ல ஏபிகே அனுப்பி எஸ்எம்எஸ்ஸை படிச்சு ஓடிபியை எடுத்துடறானுங்க, அதுக்கு புது ஃபோன் பழைய ஃபோன்னு வித்தியாசம் கிடையாது. பணம் போயிட்டா உடனே 1930க்கு அடிக்கணும், அந்த நம்பரை ஃபோன் வாங்குன அன்னைக்கே சேவ் பண்ணி குடுங்க.

நெட்வொர்க் பாக்குறதும் முக்கியம். 5ஜின்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, எந்தெந்த பேண்ட், அதாவது அலைவரிசை இருக்குன்னு பாக்கணும், ஜியோவுக்கு என்28, என்78 ரெண்டும் வேணும், ஜியோ 5ஜி எஸ்ஏங்கற, 4ஜி துணை இல்லாம தனியா ஓடுற முறையில வர்றதால ஃபோன்ல அந்த சப்போர்ட்டும் இருக்கணும். எங்க பக்கம் மலையோரத்துல பிஎஸ்என்எல்தான் எடுக்கும்னு சிலபேர் அதை வச்சிருக்காங்க, பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 முக்கியம், அது இல்லாத பழைய ஃபோனை வச்சுக்கிட்டு டவர் இல்லன்னு டவரை திட்டிக்கிட்டு இருப்பாங்க. வெளிநாட்டுலருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற ஃபோன்லயும் இதே பிரச்சனை, அமெரிக்காவுல விக்கிற ஐஃபோன் 14லருந்து சிம் போடுற ஸ்லாட்டே கிடையாது, ஃபோனுக்குள்ளயே இருக்கிற இ-சிம் மட்டும்தான், இங்க வந்து சிம்மை எங்க போடறதுன்னு தேடுவாங்க.

பழைய ஃபோன் வாங்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. *#06# அடிச்சா அந்த ஃபோனோட அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், கேஒய்எம்னு (KYM) இங்கிலீஷ்ல போட்டு ஒரு இடம் விட்டு அந்த நம்பரை அடிச்சு 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணுங்க, மத்திய அரசோட சஞ்சார் சாத்தி வெப்சைட்லயும் பாக்கலாம், திருட்டு ஃபோன்னு ப்ளாக் ஆகியிருந்தா காட்டிடும். அதை பாக்காம வாங்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் போய் நின்ன பையனுங்களை எனக்கு தெரியும், பாவம், அவனுங்க திருடல. புது ஃபோனா இருந்தாலும் ஐஎம்இஐ போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்க. ஃபோனுக்கு 2020 ஏப்ரல்லருந்து 18 சதவீதம் வரி, அதை மிச்சம் பிடிக்கிறேன்னு பில் இல்லாம எடுத்தா வாரன்ட்டிக்கும் ஆதாரம் இல்ல, புகார் குடுக்கவும் வழி இல்ல. பில் இருந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிக்கலாம், தமிழ்லயே பேசலாம்.

இப்ப நான் கேக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு அரசாங்கத்துக்கு. மருந்து அட்டையில எக்ஸ்பைரி தேதி போடாம விக்க விடுறோமா? அப்படி ஃபோன் பாக்ஸ்லயும் செக்யூரிட்டி அப்டேட் எந்த மாசம் எந்த வருஷம் வரைக்கும்னு போடச் சொல்லி சட்டம் வேணும். நடக்காத காரியம் இல்ல, பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லருந்து குறைஞ்சது எவ்ளோ காலம் செக்யூரிட்டி அப்டேட் தருவோம்னு கம்பெனி வெளிப்படையா சொல்லியே ஆகணும், ஃபிரான்ஸ்ல 2021லயே ரிப்பேர் பண்ண எவ்ளோ சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டுலயும் நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர், அதாவது ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைன்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, அதே மாதிரி மார்க் போடுற ரிப்பேர் இண்டெக்ஸுக்கு கமிட்டி போட்டு அது 2025 மே மாசம் அறிக்கையும் குடுத்துடுச்சு. நல்ல காரியம், வரவேற்கிறேன், அது கடை ஷெல்ஃப் வரைக்கும் வந்து சேரணும். ஐஃபோனே நம்ம சுங்குவார்சத்திரம் பக்கம் தயாராகி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகுது, செய்யுற ஊர்ல இருக்கிறவங்களுக்கு அங்க வாங்குறவங்களுக்கு கிடைக்கிற அதே விவரம் கிடைக்கணும்னு கேக்குறது நியாயம்தானே.

ரெண்டாவது உங்களுக்கு. அடுத்த தடவை எந்த ஃபோன் வாங்கலாம்னு கட்டம் போடும்போது கூட நாலு வரி சேருங்க சார், மாடல் வெளிவந்த மாசம், அப்டேட் எந்த வருஷம் வரைக்கும், டிஸ்ப்ளே மாத்த எவ்ளோ, தமிழ்நாட்டுல எந்தெந்த ஊர்ல சர்வீஸ் சென்டர். முழுப்பக்க ஆஃபர் விளம்பரம் குடுக்கிற கடைக்காரங்ககிட்டயும் மாடல் வந்த வருஷத்தை போடுங்கன்னு நீங்க கேட்டா அவங்க தட்ட மாட்டாங்க, நாங்க கேட்டா யார் மதிப்பா. லெட்டர் நீளமா போச்சு, இடம் இல்லன்னு வெட்டுறதா இருந்தா கேமரா, சார்ஜர் எல்லாத்தையும் வெட்டிக்கங்க, அப்டேட் தேதியையும் அந்த இஎம்ஐ லாக்கையும் மட்டும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
செல்ஃபோன் சர்வீஸ் கடை வச்சிருக்கிற ஒரு வாசகன்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.